வலப்பக்கம் நழுவும் படை

அறைச் சுவர் முழுக்க வாள்களை மாட்டி வைத்திருந்த அந்த மனிதர், ஆப்பிள் நறுக்கும் கத்தியைக்கூட விரலைக் கீறிக்கொள்ளாமல் பிடித்தவரில்லை. வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி அவர். பழங்காலப் போர்களைக் கம்ப்யூட்டர் திரையில் நடத்திக் காட்டுவது தொழில். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஜெனரல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒருநாள் அவர் காதுக்கும் எட்டியது. கேலி என்று புரிந்துகொள்ளும் வழக்கம் இல்லாதவர் என்பதால், அந்தப் பெயரைப் பித்தளையில் பொறித்து மேஜைமேல் நிறுத்திக்கொண்டார்.

மேஜைக்கு எதிரே அண்ணி உட்கார்ந்திருந்தாள். துப்பறிவது அவள் பிழைப்பு. பக்கத்தில் இருந்தவன் அவள் கணவனின் தம்பி. அவன் போகிற இடமெல்லாம் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுத் தொலைத்ததில், வழக்கு கொண்டுவருகிறவர்களும் அவளை அப்படியே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொழுந்தன் இதற்கு முன் பார்த்த வேலைகள் எல்லாம் அவன் வாயால் போனவை. சும்மா வீட்டில் உட்கார்ந்து அவன் பேசுவதைத் தாங்க முடியாமல் அண்ணன்காரன்தான் அவனை மனைவியின் தலையில் கட்டியிருந்தான்.

விஷயம் இதுதான். ஜெனரலின் சொந்தத் தங்கை தனியாக உட்கார்ந்து ஒரு சின்னப் போர் விளையாட்டைத் தயாரித்து, இணையக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தாள். ஜெனரலின் பெரிய விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. தங்கை தன் படை நகர்வை, அதாவது வீரர்கள் நடந்து திரும்பும் விதத்தை, திருடிவிட்டாள் என்று அவர் கடைக்காரர்களிடம் புகார் கொடுத்தார். அவர்கள் உடனே அவள் விளையாட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, பொதுவான ஒருவர் விசாரித்து அறிக்கை தரட்டும், அதன்படி முடிவெடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெனரல் அண்ணியின் பெயரைச் சொன்னார். தங்கையும் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தாள்.

தங்கை அப்படிச் சம்மதித்ததே தனக்கு விசித்திரமாக இருந்தது என்று ஜெனரல் சிரித்தார். அவளுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும், சின்ன வயதில் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி விளையாடியவள் என்றார். பிறகு நாற்காலியைச் சுழற்றித் திரையைக் காட்டினார்.

திரையில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கோட்டில் பித்தளைப் பொத்தான், தொப்பியில் இறகு, மீசையில் முறுக்கு, ஒன்றுக்கும் குறைவில்லை. ஜெனரல் மவுசை இழுத்து ஒரு கட்டம் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுத்தார். தூரத்தில் தெரிந்த காற்றாலையின் மேல் சொடுக்கினார். முரசு ஒலித்தது. படை கிளம்பியது. போகப் போக வரிசை கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் ஒதுங்கியது. கடைசியில் காற்றாலையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மாட்டுக்கொட்டகையை முற்றுகையிட்டது.

“மாடுங்க சரணடைஞ்சிடுச்சு அண்ணி,” என்றான் கொழுந்தன்.

ஜெனரல் அவனைப் பொருட்படுத்தவில்லை. இது ஒரு குறை என்று ஒத்துக்கொண்டார். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தன் ஆட்கள் மாதக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வதாகவும், அவர்களுக்கு மூளை போதாது என்றும் சொன்னார். பிறகு தங்கையின் விளையாட்டைத் திறந்தார். அதில் ஈட்டியும் கேடயமும் பிடித்த பழைய காலத்துக் காலாட்படை. ஒரு கிணற்றைக் காட்டி நடக்கச் சொன்னார். அந்தப் படையும் வலது பக்கமாக நழுவி ஒரு மரத்தடியில் போய் நின்றது.

“பார்த்தீங்களா மேடம்? பரீட்சையில பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதறவன் தப்பையும் சேர்த்துத்தானே எழுதுவான்? என் கேம்ல இருக்கிற தப்பு அவ கேம்ல எப்படி வந்துச்சு?”

அண்ணி அதை மறுக்கவில்லை. அந்த வாதம் சரியானது. இந்த மனிதரிடமிருந்து வந்ததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

கேஸ் முடிந்தது, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கொழுந்தன் காதோடு சொன்னான். அண்ணி எழுந்திருக்காமல், படை முன்னேறும்போது மட்டும்தான் நழுவுகிறதா, பின்வாங்கும்போதும் நழுவுகிறதா என்று கேட்டாள்.

ஜெனரல் நெஞ்சை நிமிர்த்தினார். “என் படை பின்வாங்காது மேடம். அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். விளையாடறவங்க வேணும்னா அமுக்கிக்கட்டும்.”

வெளியே வந்தபோது கொழுந்தன் சொன்னான்: “லிஃப்ட்ல கீழ இறங்கறதைக்கூட இவர் முன்னேற்றம்னுதான் சொல்வாரு போல.”

* * *

தங்கையின் வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரங்கள் சுழன்றதில் மாடி அறையின் கண்ணாடி டம்ளர்கள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன. அவள் வேலை செய்யும் மேஜைக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் இடையே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். கணவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விடுமுறையானதால் வீட்டில் இருந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, உட்கார இடமில்லாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

அண்ணன் சொன்ன குறையைப் பற்றி அண்ணி கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. திருடி என்று சொன்னபோதுகூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“குறையா? அதுக்காக நான் எத்தனை நாள் உட்கார்ந்தேன் தெரியுமா? கேடயத்தை இடது கையில பிடிப்பாங்க. அதனால அவனோட வலது பக்கம் திறந்து கிடக்கும். அம்பு வர்றப்ப அவன் என்ன செய்வான்? வலது பக்கத்துல நிக்கறவனோட கேடயத்துக்குப் பின்னாடி ஒதுங்குவான். ஒவ்வொருத்தனும் ஒதுங்கினா மொத்தப் படையும் ஒதுங்கும். அது பயம் மேடம். படைக்கு நடை வர்றதே அந்தப் பயத்துலதான்.”

அதனால்தான் தன் விளையாட்டில் படையை நேராக அனுப்ப முடியாது என்றாள். போக வேண்டிய இடத்துக்குச் சற்று இடது பக்கமாகக் குறிவைத்து அனுப்ப வேண்டும். விளையாடுகிறவர்கள் முதலில் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். மற்ற விளையாட்டுகளில் படையை ஓட்டுவது தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல இருக்கிறது, பயந்த மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போவதுபோல இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அண்ணி யார் சொல்வதையும் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவள் இல்லை. சமையலறையிலிருந்து மூன்று பாத்திர மூடிகளைக் கொண்டுவரச் சொன்னாள். வெளி வராந்தாவில் தங்கையையும் கொழுந்தனையும் கணவரையும் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தி, ஆளுக்கொரு மூடியை இடது கையில் கொடுத்தாள். உலர்ந்த காலுறைகளை உருண்டையாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்று, நேராகத் தன்னை நோக்கி நடந்து வரச் சொன்னாள். அவர்கள் நடக்க ஆரம்பித்ததும் காலுறைகளை அவர்கள் மூஞ்சியைப் பார்த்து வீச ஆரம்பித்தாள்.

நடுவில் இருந்த கொழுந்தன் முதல் உருண்டை காதில் பட்டதுமே விளையாட்டு ஆசிரியரின் மூடிக்குப் பின்னால் ஒண்டினான். அவன் ஒண்டியதும் இடது பக்கமிருந்த தங்கை அவன் மூடிக்குப் பின்னால் நகர்ந்தாள். வலது கோடியில் இருந்த ஆசிரியருக்கு ஒண்ட இடமில்லை. அவர் தன் திறந்த பக்கத்தை விலக்கி விலக்கி, கடைசியில் பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியில் மோதி நின்றார். மூன்று பேரும் நேராகத்தான் வந்தோம் என்று சத்தியம் செய்தார்கள்.

“செருப்பு அலமாரி சரணடைஞ்சாச்சு,” என்றான் கொழுந்தன், காதைத் தேய்த்துக்கொண்டே. “ஆனா அண்ணி, நீங்க இவ்வளவு குறி பார்த்து அடிப்பீங்கன்னு அண்ணன் சொல்லவே இல்ல.”

உள்ளே வந்த பிறகு அண்ணி அதே கேள்வியைக் கேட்டாள். பின்வாங்கும்போதும் இப்படி நழுவுமா?

இல்லை என்றாள் தங்கை. தப்பி ஓடுகிறவன் முதலில் கேடயத்தைத்தான் கீழே போடுவான், அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இடது கையை நீட்டி, உதறிப் போட்டுவிட்டுத் திரும்புவான். அதனால் ஒரு சின்னத் தாமதம் ஏற்படும். கேடயம் போன பிறகு ஒதுங்க எதுவும் இல்லை, நேராக ஓடுவான். அந்தத் தாமதத்தில் நிறையப் பேர் செத்துவிடுவார்கள் என்பதால், எப்போது பின்வாங்குவது என்பது விளையாடுகிறவருக்குப் பெரிய கணக்காகிவிடும். சொல்லச் சொல்ல அவள் கை தானாக அந்த உதறலைச் செய்து காட்டியது.

இதையெல்லாம் எப்போது செய்தாள் என்று அண்ணி விசாரித்தாள். கல்யாணத்துக்கு முன், அப்பா வீட்டில் இருந்தபோதே நகர்வு முழுவதையும் முடித்துவிட்டதாகச் சொன்னாள். அப்பாவும் அண்ணனும் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், பழைய கம்ப்யூட்டரும் அங்கேதான் கிடக்கிறது. அண்ணன் அப்போது நாற்காலி, மேஜை விற்றுக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்று, பொம்மைக்கு நடை பழக்குகிறாயா என்று கேட்டுவிட்டுப் போவான்.

“அவர் எடுத்திருப்பார்னு உங்களுக்குத் தோணலையா?” என்றாள் அண்ணி.

அவள் தலையை ஆட்டினாள். “அண்ணனுக்கு வீம்பு ஜாஸ்தி. திருட்டுப் புத்தி கிடையாது மேடம். அவன்கிட்ட வேலை செய்யற யாரோ அவனை ஏமாத்தியிருக்காங்க. பாவம், அவனுக்கு இந்த வேலையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

கதவில் சாய்ந்திருந்த கணவர் டம்ளர்களை ஒன்றோடொன்று இடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அந்தச் சத்தத்தில் இருந்த அபிப்பிராயம் அண்ணிக்கு நன்றாகவே கேட்டது.

காரில் ஏறியதும் கொழுந்தன் புலம்பினான். ரெண்டு பேருமே நான்தான் ஒரிஜினல் என்கிறார்கள், தங்கை பேச்சும் நம்பும்படி இருக்கிறது, அண்ணன் வாதமும் நம்பும்படி இருக்கிறது, சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமா என்றான்.

“அவர் சொன்னது சரி,” என்றாள் அண்ணி. “தப்பையும் சேர்த்து எழுதறவன்தான் காப்பி அடிச்சவன். ஆனா இவளுக்கு அது தப்பு இல்ல. சரியான விடை. யாருக்கு அது தப்பாத் தெரியுதுன்னு மட்டும் பாரு.”

கொழுந்தன் வண்டியைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தான்.

* * *

தீர்ப்பு சொல்லப் போகிறார்கள் என்றதும் ஜெனரல் சபையைக் கூட்டிவிட்டார். மறுநாள் காலை அவர்கள் போனபோது ஊழியர்கள் அத்தனை பேரும் பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அண்ணி கூட்டி வந்திருந்த தங்கையைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் குஷி. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பெருந்தன்மையோடு ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

முடிவைச் சொல்லும் முன் தானே ஒருமுறை விளையாடிப் பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டாள். ஜெனரல் தாராளமாக மவுசைக் கொடுத்தார். அதை அவள் பிடித்த விதத்தைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். இரண்டு தரம் படைக்குப் பதிலாக ஒரு வேலியைத் தேர்ந்தெடுத்து, மூன்றாவது தரம் படையைப் பிடித்தாள். எதிரியை நோக்கி நடக்கவிட்டாள். முரசு. பொத்தான்கள் பளபளத்தன. படை வழக்கம்போல வலப்பக்கம் நழுவியது. குண்டுகள் பறக்க ஆரம்பித்தன.

அண்ணி பின்வாங்கும் பட்டனை அழுத்தினாள்.

ஜெனரல் வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள் கட்டளை போய்விட்டது. திரையில் வீரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். இடது கையை முன்னால் நீட்டினார்கள். வெறும் கை. துப்பாக்கி வலது கையில் தொங்க, அந்த வெறுங்கையை உதறி, கனமான எதையோ தரையில் போட்டார்கள். தரையில் ஒன்றும் விழவில்லை. பிறகு திரும்பி ஓடினார்கள். இந்த முறை எந்தப் பக்கமும் நழுவாமல், கோடு போட்டதுபோல நேராக.

அண்ணி விளையாட்டை மறுபடி ஆரம்பித்து இன்னொரு முறை காட்டினாள். கம்பீரமான மீசைக்காரர்கள் மறுபடியும் இல்லாத ஒன்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள்.

“என்னத்தைப் போடறாங்க சார்?” என்று கேட்டாள்.

ஜெனரலுக்குத் தெரியவில்லை. அதுதான் பரிதாபம். அவர் அந்தக் காட்சியை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வரிசையிலிருந்து வீரர்களுக்குப் படம் வரையும் பெண் எழுந்தாள். உடை வரையும்போதே அந்த உதறலைத் தான் கவனித்ததாகச் சொன்னாள். நகர்வு முழுவதையும் ஜெனரல்தான் தன் கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்து கொடுத்தார், தன் வேலை அதன்மேல் சட்டை மாட்டுவது மட்டும்தான். இந்தக் கை ஏன் இப்படி நீள்கிறது என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருந்தாள்.

“என்ன சொன்னார்?”

“திரையைப் பார்க்காமலேயே, சோர்வுல கையை உதறறாங்கன்னு சொன்னார்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் அடுத்த வரிசைக்குப் பரவியது. அவர்கள் எவ்வளவு காலமாக அந்தச் சிரிப்பைச் சேமித்து வைத்திருந்தார்களோ தெரியவில்லை.

இதற்குள் ஜெனரல் சுதாரித்துக்கொண்டார். தங்கள் விளையாட்டையும் முதலில் கேடயத்தோடுதான் தொடங்கினோம், பிறகுதான் துப்பாக்கிக்கு மாறினோம், அதன் மிச்சம் இது என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். அண்ணி ஊழியர்கள் பக்கம் திரும்பி, இந்த ஆபீசில் யாராவது எப்போதாவது ஒரு கேடயம் வரைந்தீர்களா என்று கேட்டாள். ஒரு கைகூட உயரவில்லை.

“போகட்டும்,” என்றாள். “கேடயத்தோட ஆரம்பிச்சவருக்கு, படை ஏன் நழுவுதுன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க நேத்து அது குறைன்னு சொன்னீங்க. காரணம் தெரியலைன்னு சொன்னீங்க. மாசக்கணக்கா இவங்களுக்கு மூளை போதலைன்னு திட்டியிருக்கீங்க. இவங்க தேடினது கிடைக்காததுக்குக் காரணம் மூளை இல்ல சார். அதுக்கான விடை உங்க தங்கச்சிகிட்ட இருந்துச்சு.”

ஜெனரல் சுவர், மேஜை, திரை எல்லாவற்றையும் பார்த்தார், தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

அவள் இதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் உதறலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையின் வளைவு, மணிக்கட்டு திரும்பும் விதம் எல்லாம் அவள் தன் கையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செய்தவை. நேற்று வரை யாரோ ஓர் ஊழியர் என்று நம்பிக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரைக்கு அருகே போனாள். அழுவாள் என்று கொழுந்தன் நினைத்தான். கைக்குட்டையைக்கூடத் தேடினான்.

“கேடயத்தை எடுத்தியே, வரிசையை ஏண்டா இவ்வளவு நெருக்கமா விட்டே?” என்று கேட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவனை ‘டா’ போட்டுப் பேசியதில்லை. “ஒண்ட ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு ஒண்டி நடக்கறான்? திருடினவனுக்கு அதைக்கூடப் பார்க்கத் தோணலையா? நான் இதுக்கு ரெண்டு வருஷம் குடுத்தேன். நீ ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கல.”

கடைக்காரர்களுக்குப் புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே, எல்லோர் எதிரிலும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னாள். தன் அறிக்கை எப்படியும் போகும், அதற்கு முன் அவராக எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்றாள். ஜெனரல் உட்கார்ந்தார். முதல் வரியில் ‘தவறான புரிதலால்’ என்று தட்டினார். பெரிய திரை இன்னும் அவர் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்ததால் அந்த வார்த்தை சுவர் அளவுக்கு எழுந்து நின்றது. படம் வரையும் பெண் தொண்டையைக் கனைத்தாள். அவர் அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார்.

அனுப்பி முடித்ததும் தங்கையின் பெயரையும் விளையாட்டில் போடுகிறேன், கூட்டாகவே செய்யலாம் என்றார். அவள் வேண்டாம் என்றாள். துப்பாக்கிக்காரர்களுக்கு வேறு நடை வேண்டும், அதை இங்கே இருப்பவர்களே செய்வார்கள், அவர்களை உட்காரவிட்டால் போதும் என்றாள். ஜெனரல் எழுந்து அவளை ஓர் ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஏதோ கெஞ்சினார். அண்ணியின் காதில் ‘அப்பா’ என்ற சொல் மட்டும் விழுந்தது. தங்கை குரலைத் தணிக்கவில்லை.

“நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். நீ சொல்லணும். ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன். அதுக்குள்ள சொல்லியிரு.”

வாசலுக்கு வந்ததும், அண்ணன் அப்பாவிடம் சொல்வார் என்று நினைக்கிறீர்களா என்று கொழுந்தன் தங்கையிடம் கேட்டான். தெரியாது என்றாள் அவள். அன்று சாயங்காலமே அவளுடைய விளையாட்டு மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் அண்ணிக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணன் வீட்டில் இல்லை. அப்பாதான் கதவைத் திறந்தார். அவன் சொன்னானா, சொல்லவில்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு, தூசி தட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, இவர்களை எப்படி நடக்க வைப்பது என்று கேட்டிருக்கிறார். அவள் மவுசைக் கையில் கொடுத்தாள்.

“கிணத்துக்குப் போகச் சொன்னார் மேடம். மொத்தப் படையும் ஆத்துல இறங்கிடுச்சு,” என்றாள். “இடது பக்கம் பார்த்து அமுக்கணும்னு நான் சொல்லல. அவரா கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன். இருட்டற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல.”